பெட்டி மரம்

2004 ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை, விருதுநகரில் பழைய பருத்திக் கிட்டங்கி ஒன்றின் ஓட்டுக்கூரை பிரிக்கப்பட்டது. கூரைக்கும் பரணுக்கும் நடுவே, வத்தல் மூட்டைகளுக்குக் காற்று வருவதற்காக, இருபத்திரண்டு மெல்லிய மரச்சட்டங்கள் வரிசையாக நிறுத்தி அடிக்கப்பட்டிருந்தன. அவற்றை மேலும் கீழுமாகப் பிடித்திருந்த விட்டங்கள் இரண்டும் பதினான்கடி நீளம்.

பிரித்தெடுக்கும் ஒப்பந்தம் முகம்மது இஸ்மாயிலுடையது. மதுரை ரோட்டில் முப்பது வருடமாகப் பழைய கட்டடச் சாமான் கடை வைத்திருந்தார். கதவு, நிலை, தூண், உத்தரம் என்று செத்துப்போன வீடுகளின் எலும்பெல்லாம் அவர் கடையில்தான் சாய்ந்து நின்றன. வீட்டை இடிப்பவர்களை அவருக்குப் பிடிக்காது: பர்மாத் தேக்கை விற்றுவிட்டு பிளைவுட் வாங்குகிற மடையர்கள். வாங்க வருகிறவர்களையும் பிடிக்காது. சென்னையிலிருந்து காரில் வந்து, மாட்டு நுகத்தடியை ஓட்டல் சுவரில் மாட்டுவதற்கும், கதவைப் படுக்கப்போட்டுக் கண்ணாடி வைத்துக் காப்பி குடிப்பதற்கும் விலை பேசுகிறவர்கள். மனிதர்களிடம் காட்டாத மரியாதையை அவர் கனத்துக்குக் காட்டினார். தோளில் வைத்தால் தோள் சொல்ல வேண்டும், அதுதான் மரம். மற்றதெல்லாம் விறகு.

அன்று வேலையாள் ஒருவன் பரணிலிருந்து சட்டம் ஒன்றைக் கீழே தள்ளினான். அது சருகு போல அசைந்து இறங்கியது. இஸ்மாயில் பதினான்கடி விட்டத்தின் நடுவில் கைவைத்துத் தூக்கினார். ஒற்றைக் கையில் வந்துவிட்டது. பக்கவாட்டில் இரண்டு புறமும் மரத்தைத் தோண்டி எடுத்துப் பள்ளமாக்கியிருந்தார்கள். சட்டங்களிலும் வட்ட வட்டமாக ஓட்டைகள்.

"பாத்தீகளாலே? இருக்கிற கொஞ்ச மரத்தையும் தோண்டித் தின்னிருக்கான். எம்புட்டுக் கஞ்சப்பய அடிச்ச வேலையோ!"

வேலையாட்கள் சிரித்தார்கள். கிட்டங்கியின் உரிமைக்காரி கற்பகவல்லி தெருவில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சாத்தூர் பக்கம் கிராமத்தில் நாற்பது ஏக்கர் கரிசல் வைத்துத் தனியாக விவசாயம் பார்க்கிறவர். கிட்டங்கி அவருடைய தாத்தா கட்டியது.

"அந்தப் பரண் மரம் என்ன மரம் பாய்?"

"பெட்டி மரம், தாயி. வெள்ளைக்காரன் மிசின் அனுப்புன பெட்டியப் பிரிச்சு அடிச்சிருக்காரு உங்க தாத்தா."

"தாத்தா அத ஏரோப்ளேன் மரம்னு சொல்லுவாராம். மெட்ராஸ் ஏலத்துல பஞ்சு மிசினோட சேந்து வந்துச்சாம்."

"எல்லார் வீட்டுத் தாத்தாவும் ஒரு ஏரோப்ளேன் வச்சிருந்தவுகதான், தாயி. இறக்கிவிடத்தான் ஊர்ல எடமில்லாமப் போச்சு."

இந்த முறை தெருவே சிரித்தது. கற்பகவல்லியும் சிரித்தார்.

பெட்டி மரம் என்று இஸ்மாயில் சொல்லிவிட்டால் அது ஒப்பந்தக் கணக்கில் வராது. லாரிக் கூலிக்கு அவரே எடுத்துக்கொள்வார். மறுநாள் செவ்வாய்க்கிழமை பத்துச் சட்டங்களும் ஒரு விட்டமும் விஸ்வநத்தத்துக்குப் போயின. அங்கே ஒச்சப்பன் என்பவன் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் இரண்டு ரம்பங்கள் வைத்து, பட்டாசுக் கம்பெனிகளுக்கு ராக்கெட் குச்சி அறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். தீபாவளிக்கு மூன்று மாதம் இருந்தது. இலேசான மரம் எது கிடைத்தாலும் அவனுக்குத் தேவைப்பட்டது. மிச்சம் பன்னிரண்டு சட்டங்களும் ஒரு விட்டமும் அடுத்த லோடுக்காகக் கடையின் பின்பக்கம் கிடந்தன.

அந்த வாரம் இஸ்மாயிலின் நினைப்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மேல் இருந்தது. பருப்பு மண்டி சங்கரபாண்டியனும் தம்பிமார் நான்கு பேரும் ஆவணி பிறந்ததும் பாகம் பிரிக்கிறார்கள். அப்பா விட்டுப்போன வீடு, இரண்டு கட்டு, முப்பத்தாறு தூண். அதற்கு முன் வீட்டின் மரத்துக்கெல்லாம் மதிப்புப் போட வேண்டும். ஊரில் அந்த வேலைக்கு ஒரு முறை இருந்தது. மதிப்புக்காரர் அறை அறையாக நடப்பார். விரல் முட்டியால் தட்டுவார். மரத்தின் பெயர், வயது, விலை என்று மூன்று வார்த்தை சொல்வார். ஒருவர் எழுதிக்கொள்வார். அண்ணன் தம்பி யாரும் எதிர்த்துக் கேட்கக் கூடாது. கேட்க வேண்டிய அவசியம் வராத ஆளைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு வீட்டை மதிப்பிட இஸ்மாயில் முப்பது வருடம் காத்திருந்தார்.

இதற்கு முன் அந்த இடத்தில் ராஜபாளையத்து ஆசாரி ஒருவர் இருந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு வீட்டில் வேங்கை உத்தரத்தைத் தேக்கு என்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் நின்றிருந்த இஸ்மாயில் உத்தரத்தைச் சுரண்டி, எச்சில் தொட்டுத் தேய்த்து, எல்லோரும் பார்க்க மஞ்சள் சாயத்தைக் காட்டினார். "ஆசாரியாரே, தேக்குக்கு மஞ்சக்காமாலையா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு முக்காலி வாங்குவதற்குக்கூட ஆசாரியை யாரும் யோசனை கேட்கவில்லை.

புதன்கிழமை காலையில் இராமகிருஷ்ணன் வந்தார். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் படம் வரையும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிட்டங்கித் தெருவில் குடியிருந்தார். லாரியில் ஏற்றும்போது பார்த்திருக்கிறார். கையில் மஞ்சள் பை. பைக்குள் ஒரு டேப்பும் ஒரு ஜெராக்ஸ் தாளும். பென்ஷன்காரர்களை இஸ்மாயில் மூன்று வகையாகப் பிரித்து வைத்திருந்தார்: மனு எழுதுகிறவர்கள், வாக்கிங் போகிறவர்கள், ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள். மூன்றாவது வகைக்கு டீ கொடுக்கக் கூடாது. குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இராமகிருஷ்ணன் டீ கேட்கவில்லை. சட்டங்களுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு அளந்தார். தாளைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"இது இறக்கை, பாய்."

"கோழி இறக்கையா சார், கொக்கு இறக்கையா?"

"ஏரோப்ளேன் இறக்கை. முதல் உலகப் போர் சமயத்துல ரெண்டு அடுக்கு இறக்கை வச்சுப் பறந்துச்சே, அது. இந்தச் சட்டமெல்லாம் விலா எலும்பு மாதிரி. மேல துணி இழுத்து ஒட்டியிருப்பாங்க. இங்க பாருங்க, ஓரத்துல துணி இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு."

"அது சாக்கு."

"மரம் ஸ்ப்ரூஸா இருக்கணும். குளிர் தேசத்து மரம்."

"பேரே துப்புன மாதிரியில்ல இருக்கு!"

வேலையாட்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கூடினார்கள். இஸ்மாயிலுக்கு உற்சாகம் வந்தது. "ஓட்டை எதுக்கு சார்? பைலட்டு எட்டிப் பாக்கவா?"

"எடை குறையணும்ல. அதுக்குத்தான் விட்டத்துலயும் ரெண்டு பக்கம் தோண்டியிருக்காங்க. பலம் குறையாம எவ்வளவு எடுக்கலாமோ அவ்வளவு."

"சரி. மேல இப்படி முதுகு வளைஞ்சிருக்கே?"

"இறக்கைன்னா மேல்பக்கம் வளைவாத்தான் இருக்கும்."

"எம்பது வருசம் ஓட்டு வெக்கையில கிடந்தா நீங்களும்தான் வளைவீக சார். அதுக்காக உங்களப் பறக்கவிட முடியுமா?"

சிரிப்பு அடங்கும்வரை இராமகிருஷ்ணன் காத்திருந்தார். அவருக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"எல்லாமே ஒரே மாதிரியா வளையும், பாய்?"

இஸ்மாயில், "கட்டையெல்லாம் ஒரே மரத்துல வந்திருக்கும்" என்றார். சொன்ன உடனேயே அது தப்பு என்று அவருக்குத் தெரிந்தது. நல்லவேளை, வேறு யாருக்கும் தெரியவில்லை.

பெங்களூரில் ஒரு மியூசியம் இருக்கிறது, ஒரு விட்டமும் சில சட்டங்களும் முழுசாக இருந்தாலே ஆள் அனுப்புவார்கள், கடிதம் எழுதப் போகிறேன், அதுவரை அறுத்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு இராமகிருஷ்ணன் கற்பகவல்லியின் போன் நம்பரைக் கேட்டார். கொடுக்காவிட்டால் பயந்தது போல் ஆகும். இஸ்மாயில் கொடுத்தார்.

அவர் போன பிறகு வேலையாட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு இஸ்மாயில் கடையின் பின்பக்கம் போனார். ஒரு சட்டத்தை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தார். அதன் மேல் மூன்றாவது. பன்னிரண்டையும் அடுக்கிவிட்டு ஓரமாகக் குனிந்து பார்த்தார். சீட்டுக்கட்டு போல் இருந்தது. ஒரு நூல் இடம் விலகவில்லை. ஓட்டைக்கு நேரே ஓட்டை. வளைவுக்கு மேல் வளைவு. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகூட ஒரே மாதிரி வளையாது என்று முப்பது வருடமாக வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி வந்தவர் அவர். மூட்டுகளில் இருந்த திருகாணிகளின் தலையை நகத்தால் சுரண்டினார். பித்தளை. பெட்டிக்கு எவனும் பித்தளைத் திருகாணி போட மாட்டான். விட்டத்தின் முனையில் மங்கலாக நான்கு எண்கள் எழுதியிருந்தன.

திங்கட்கிழமை இதில் எதையும் அவர் பார்க்கவில்லை. தூக்கிப் பார்த்தார், அவ்வளவுதான்.

"என்ன, பச்சப்புள்ளைக்குப் பல்லு மொளச்சிருக்கான்னு பாக்குற மாதிரி பாக்கீக?"

மனைவி கைருன்னிசா பின்னால் நின்றிருந்தாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. இராமகிருஷ்ணன் பேசியதெல்லாம் சமையலறை ஜன்னலில் அவளுக்குக் கேட்டிருந்தது.

"ஒண்ணுமில்ல."

"அந்த சார் சொன்னது நெசம்தான?"

"பென்சன்காரன் பேச்ச நீ வேற..."

"நான் அவர் பேச்சக் கேக்கல. உங்க மூஞ்சியப் பாத்தேன்."

இஸ்மாயில் அடுக்கின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார். ஞாயிற்றுக்கிழமை முடியட்டும் என்றார்.

"ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியே சங்கரபாண்டி அண்ணங்கிட்டப் போயிச் சொல்லிருங்க. திங்கக்கிழம ஒரு தப்புப் பண்ணேன், புதங்கிழம நானே கண்டுபிடிச்சேன்னு. யாரு கழுத்த அறுக்கப்போறா?"

"ஆசாரிய அறுக்கலையா?"

"அறுத்தது நீங்கதான!"

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. இஸ்மாயிலுக்குத் தன் மனைவிமேல் எரிச்சல் வந்தது. பிறகு இராமகிருஷ்ணன் மேல் வந்தது. பிறகு அந்த மரத்தின் மேலேயே வந்தது. மரமாகப் பிறந்துவிட்டு ஆள் ஏமாறும்படி இவ்வளவு இலேசாக இருக்க அதற்கு என்ன உரிமை!

வியாழக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் கற்பகவல்லி வந்தார். கையில் ஒரு பை நிலக்கடலை. இராமகிருஷ்ணன் போன் பேசியிருந்தார்.

"சார் அடிச்சுச் சொல்லுதாரு பாய், இறக்கைதான்னு. அப்படின்னா நான் மியூசியத்துக்கே குடுத்துருதேன். எனக்கு ஒண்ணும் வேண்டாம். தாத்தா பேர மட்டும் எழுதி வச்சாப் போதும். ஊர்ல எங்க வீட்டுக்கு என்ன பேருன்னு உங்களுக்குத் தெரியாது. புளுகுணி வீடு. எங்க சின்ன அத்தைக்கு வந்த சம்பந்தத்தக்கூட, 'ஏரோப்ளேன்ல சீர் வருமா'ன்னு கேட்டு எந்திரிச்சுப் போயிட்டாக."

தார்ப்பாய் அவர்களிடமிருந்து பத்தடி தள்ளி இருந்தது. கற்பகவல்லி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் இஸ்மாயிலின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார் படிச்சவரு. ஆனா மரத்தப் பத்தி உங்களுக்குத்தான தெரியும். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க பாய், நான் அவருக்குச் சொல்லிக்கிடுதேன்."

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் சந்தோஷத்தில் கடலையைக் கடை முழுதும் கொட்டியிருப்பார். சாயங்காலத்துக்குள் பருப்பு மண்டிக்கும் செய்தி போயிருக்கும். ஏரோப்ளேன் இறக்கையைப் பெட்டி மரம் என்று ராக்கெட் குச்சிக்கு அனுப்பிய மதிப்புக்காரன். ஆசாரியிடம் தான் கேட்ட கேள்வியை இந்த ஊர் எவ்வளவு அழகாகத் திருப்பிக் கேட்கும் என்று இஸ்மாயிலால் யோசிக்க முடிந்தது. ஊரைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் எப்போதும் இருந்ததில்லை.

"பெட்டி மரந்தான், தாயி" என்றார்.

கற்பகவல்லி, "சரி பாய். நீங்க சொன்னாச் சரி" என்றார். கடலையைக் கைருன்னிசாவிடம் கொடுத்துவிட்டு ஒன்றரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். கைருன்னிசா அந்தக் கடலையை அவிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இஸ்மாயில் மிச்ச மரத்தைக் மினி லாரியில் ஏற்றி, தானும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஜும்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்கு. அவர் ஒரு லோடுடன் கூடவே போவது அதுவே முதல் தடவை. ஒச்சப்பன் கொட்டகை வாசலுக்கே ஓடி வந்தான். ஒல்லியான ஆள், புருவத்தில் மரத்தூள், இடக்கையில் இரண்டு விரல் இல்லை.

"வாங்க பாய்! நானே வரணும்னு இருந்தேன். இந்த மரத்த எங்கன பிடிச்சீக?"

"ஏன்?"

"பெட்டி மரம்னு சொல்லி விட்டீக. இருபது வருசமாப் பெட்டி மரந்தான் அறுக்கேன். அடிக்கு ஒரு கணு இருக்கும், ரம்பம் திக்கித் திக்கிப் போகும். இது பதினாலடி. வெண்ணெயில கத்தி போன மாதிரிப் போச்சு. ஒரு கணு இல்ல, ஒரு கோணல் இல்ல. இந்தப் பாருங்க குச்சிய."

ஒரு குச்சியை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினான். "கணுவே இல்லாத மரத்தத் தேடித் தேடி எடுத்து எவனாச்சும் பெட்டி அடிப்பானா பாய்? இது என்னமோ வேற சாமான். யாரையாச்சும் விசாரிச்சீகளா?"

மரத்தைக் குச்சியாக்கிப் பிழைக்கிற ஒருவன், எட்டு விரலை வைத்துக்கொண்டு, முதல் ரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டான். இஸ்மாயிலுக்கு முகம் சுட்டது.

"ஏலே ஒச்சப்பா, நீ எத்தன வீட்டுக்கு மதிப்புப் போட்டிருக்க?"

"நான் எங்க பாய்..."

"அப்ப அறு."

"அறுக்கேன். அதுக்குத்தான இருக்கேன். சீசன் நேரம், எனக்கு லாபந்தான். உங்களுக்குத்தான் நட்டமாயிரப் போகுதேன்னு பாத்தேன்."

"எனக்கு நட்டம் ஒண்ணுமில்ல. இப்பவே அறு. நான் இருந்து பாத்துட்டுத்தான் போவேன்."

ஒச்சப்பன் அவரை ஒரு பார்வை பார்த்தான். அதற்குப் பிறகு மரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பித்தளை பட்டால் ரம்பத்தின் பல் போய்விடும் என்று திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டான். அதற்கே ஒரு மணி நேரம் ஆனது. சட்டங்கள் முதலில் போயின. விட்டம் பாதி போனபோது கரண்ட் நின்றது. பன்னிரண்டே கால்.

"நீங்க தொழுகைக்குக் கிளம்புங்க பாய். கரண்ட் வந்ததும் முடிச்சுருதேன்."

இஸ்மாயில் எழுந்தார். வண்டிவரைக்கும் போனார். எண்கள் எழுதிய முனை ரம்பத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மறுபடி வந்து மரத்தூள் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். கரண்ட் வர ஒன்றே முக்கால் ஆனது. கடைசிக் குச்சி விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். ஒச்சப்பன் சிரட்டையைக் கொண்டுவந்து நீட்டினான்.

"பித்தளை உங்களுதுதான்."

"நீயே வச்சுக்கோ."

"எனக்கெதுக்குப் பாய்?" என்று ஒச்சப்பன் சிரட்டையை வண்டியின் சீட்டில் வைத்துவிட்டான்.

சனிக்கிழமை இராமகிருஷ்ணன் வந்தபோது தார்ப்பாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அறுத்தாச்சா?"

"அறுத்தாச்சு சார். பெட்டி மரத்துக்குக் காவல் போட முடியுமா?"

"ஒரு துண்டுகூட இல்லையா?"

"இல்ல."

"நீங்க அதை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிப் பாத்தீங்களா, பாய்?"

"எனக்கு வேற வேலையில்லையா சார்?" என்றார் இஸ்மாயில்.

இராமகிருஷ்ணன் ஜெராக்ஸ் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வேலையாட்களில் ஒருவன் அவர் போன பிறகு கைகளை விரித்துக்கொண்டு ஏரோப்ளேன் மாதிரி ஒரு சுற்று ஓடினான். மற்றவர்கள் சிரித்தார்கள். இஸ்மாயில் அவனை வேலையைப் பார்க்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து மத்தியானம்வரை அவர் சங்கரபாண்டியன் வீட்டின் மரங்களைத் தட்டிப் பார்த்து மதிப்புச் சொன்னார். முப்பத்தாறு தூணும் பர்மாத் தேக்கு. நிலைகளில் நான்கு கோங்கு. மாட்டுக்கொட்டகை உத்தரம் வேங்கை. யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு முன் கை கழுவும்போது சங்கரபாண்டியன் கேட்டார்:

"ஏரோப்ளேன் இறக்கைன்னு ஒரு பென்சன்காரரு சொல்லிக்கிட்டு அலைஞ்சாராமே பாய், என்ன அது?"

"பரண்ல கிடந்த பெட்டி மரம், அண்ணாச்சி. ஓட்டையப் பாத்ததும் அவருக்கு ரெக்க மொளச்சிருச்சு."

ஐந்து சகோதரர்களும் சிரித்தார்கள். சின்னவர் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்.

ஆவணி எட்டாம் தேதி பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. ஒச்சப்பன் அறுத்த குச்சிகள் இரண்டு கம்பெனிகளுக்குப் போய், ராக்கெட்டில் கட்டப்பட்டு, அக்டோபர் முதல் வாரம் லாரியில் வடக்கே போயின. சாமான் எதுவும் மிஞ்சவில்லை என்று இராமகிருஷ்ணன் பெங்களூருக்கு எழுதினார். தகவலுக்கு நன்றி என்று ஒரு கார்டு வந்தது. தை மாதம் கற்பகவல்லி ஊரில் இருந்த பழைய வீட்டையும் பிரிக்க இஸ்மாயிலிடமே கொடுத்தார். மரங்களுக்கு இஸ்மாயில் பாய் சொல்வதே மதிப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.